ஒரு போத்தல் பெற்றோல்

2023 பெப்ரவரி 21

நாளைக்குச் சாம்பல் புதன். இன்று நல்ல வெயில். சாளை மீனைக் கருவாட்டுக்குப் பாயில் பரப்பிவிட்டுக் காகம் கலைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் தம்பி யூட்சன் வந்தான். படலைக்கு வெளியே புது மோட்டார் சைக்கிளை நிறுத்தி, துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். என்ன அவ்வளவு துடைப்பு?

"அக்கா, எஞ்சினைத் தாவன். சும்மா கிடந்தா துருப்பிடிச்சுப் போகும்."

"கிடக்கட்டும்."

"கடன் தந்த கொம்பனிக்காரன் வந்து தூக்கினா என்ன செய்வாய்?"

"அவன் தூக்கட்டும். நீ தூக்காத."

குனிந்து ஒரு கருவாட்டைப் புரட்டிப் போட்டான். "என்னில என்ன கோவம் எண்டு சொல்லிப்போட்டாவது கோவி அக்கா" என்றான். நான் காகத்தைக் கலைத்தேன்.

படகு எஞ்சினை வீட்டு அறைக்குள் வைத்திருக்கிறேன். கட்டில் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறேன். திறப்பு என் கழுத்துச் செபமாலையில்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மகள் ஜெயரூபினியின் பழைய கணக்குக் கொப்பியில் பின்தாள்கள் மிச்சம் கிடந்தன. வாயால் சொன்னால் வேலியைத் தாண்டிவிடும். இதில் எழுதினால் நான் மூடிவைத்தபடி கிடக்கும்.

என் புருஷனைக் கொன்றது என் தம்பி என்று நினைக்கிறேன். கத்தியால் இல்லை. ஒரு போத்தல் பெற்றோலால்.

பெப்ரவரி 23

எழுதிவிட்டு இரவு முழுக்கப் பயமாய் இருந்தது. தொடங்கியாயிற்று, முழுக்க எழுதிவிடுகிறேன்.

எங்கள் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஆனால் ஆறிப்போன எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது. முதலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு எழுப்பவேண்டும், சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்தப் போகும்போதும் பெற்றோலில் கொஞ்சம் ஓடவிட்டுத்தான் நிறுத்துவார்கள். அதனால் கடலுக்குப் போகிற எவனும் கானில் மண்ணெண்ணெயும் போத்தலில் பெற்றோலும் கொண்டு போவான். இவருடையது கண்ணாடிப் போத்தல், தக்கை மூடி. தண்ணீர் என்று யாரும் குடித்துவிடாமல் மகள் சின்ன வயதில் நகப்பூச்சால் அதில் ஒரு சிவப்புச் சிலுவை கீறிவிட்டவள்.

போன வருஷம் ஜூன் மாதம், அந்தோனியார் திருநாள் முடிந்த கிழமை. நாடு முழுக்க எண்ணெய் இல்லை. கொழும்புக் கடலில் எண்ணெய்க் கப்பல் வந்து நிற்கிறது, இறக்கக் கொடுக்க டொலர் இல்லை என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் மீனவர் சங்கத்தில் ஆளுக்குப் பங்கு வைத்துக் கொஞ்சம் கொடுத்தார்கள். இவரும் யூட்சனும் ஒரே படகு. பங்கை எடுத்து வந்து கானுக்குள் ஊற்றி, போத்தலை நிரப்பிப் படகில் வைத்தது யூட்சன். எப்போதும் அது அவன் வேலை. அடுத்த நாள் விடியக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். இவர் தனியப் போனார்.

பின்னேரம் வரவில்லை. சோழகம் அடிக்கிற காலம், கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. தேடிப் போகச் சொல்லிக் கரை முழுக்க ஓடினேன். ஆம்பிளைகள் கானைக் கவிழ்த்துக் காட்டினார்கள். ஒரு சொட்டு விழவில்லை. நான் கானையா கேட்டேன்?

ஒரு கிழமை போக, ஆழ்கடல் வள்ளக்காரர் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். அவர் படகுக்குள்தான் கிடந்தார். வெயிலும் தாகமும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கானில் பாதிக்கு மேல் மண்ணெண்ணெய் இருந்தது. எஞ்சினின் விசிறியில் சுற்றியிருந்த வலைக்கயிறு வெட்டிக் கிடந்தது. வெட்டுவதற்கு எஞ்சினை நிறுத்தியிருப்பார். வெட்டி முடிய அது ஆறியிருக்கும், பிறகு எழுப்பப் பெற்றோல் இல்லை.

சிலுவைப் போத்தலைக் காணவில்லை. அதற்குப் பதிலாக என் குசினித் தட்டில் இருந்த இருமல் மருந்துப் போத்தல் கிடந்தது. வெறும் போத்தல். மணந்து பார்த்தேன், பெற்றோல். அதற்குள் பிடிக்கிறது ஒருமுறை எழுப்பத்தான் போதும்.

நிறைந்த போத்தல் எங்கே? என் குசினிக்குள் கேட்காமல் போய்வருகிற ஆம்பிளை ரெண்டு பேர்தான். ஒருவர் செத்துப்போனார்.

பெப்ரவரி 27

யூட்சன் வேலிக்கு மேலால் அறை யன்னலைப் பார்த்துக்கொண்டு போனான். கண்டேன்.

மார்ச் 3

இன்று ஒரு பெட்டை வந்தாள். வெள்ளைச் சட்டை, தோளில் பை. ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். அவன் உள்ளே வரவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை.

"அம்மா, நான் பிரியந்தினி. வவுனியாக் கம்பஸில இருந்து வாறன். எண்ணெய்ப் பாவனையும் கடன் வசதியும் பற்றி ஒரு ஆராய்ச்சி. வீடு வீடாக் கேக்கிறம்."

"கடன் தரப் போறியளோ?"

"இல்லையம்மா. கேட்டு எழுத மட்டும்தான்."

"கேட்டு எழுதித்தான் பிள்ளை கடன் தந்தவையளும் தொடங்கினவை."

சிரித்துவிட்டாள். கெட்ட பிள்ளை போலத் தெரியவில்லை. கெட்ட பிள்ளை போலத் தெரிகிறவளை அனுப்புவார்களா?

கதிரை கொடுத்தேன். என்னென்னவோ கேட்டாள். எப்போது எஞ்சின் எடுத்தது, லீசிங் கொம்பனியிலா வங்கியிலா, அதற்கு முன் என்ன வைத்துத் தொழில் செய்தீர்கள், விளக்குக்கு எவ்வளவு எண்ணெய், மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு. பிறகு சொன்னாள்: "ஒரு நாட்டில வங்கியும் கடன் குடுக்கிற இடங்களும் வளர வளர எண்ணெய் எரிக்கிறதும் கூடுது எண்டு சில பேர் சொல்லினம். இல்லை, எண்ணெய் எரிச்சுத் தொழில் பெருகினபடியாத்தான் வங்கி வளருது எண்டு வேற ஆக்கள். உங்கட ஊரில எது முன்னுக்கு வந்தது அம்மா?"

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். இதில் ஏதும் பிழையாய்ச் சொல்லிவிட்டால் எஞ்சினைத் தூக்க வருவார்களோ என்றும் இருந்தது.

கடைசியில் கேட்டாள்: "கணவர் தொழிலுக்குப் போயிட்டாரோ?"

"செத்துப்போனார். போன ஜூன். கடலில, பெற்றோல் இல்லாமல்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். அப்போதுதான் வெளியே தொம் என்று சத்தம். அந்த ஹெல்மெட்காரனின் சைக்கிள் விழுந்து கிடந்தது. நின்ற சைக்கிள் எப்படி விழும்? அவன் தூக்கி நிமிர்த்தி, உருட்டிக்கொண்டு தூரத்துப் பூவரசுக்குக் கீழே போய் நின்றான். தண்ணீர் குடிக்கக் கூப்பிடச் சொன்னேன். வரவில்லை.

முகம் காட்டாதவன் எதற்கு வந்தான்?

மார்ச் 4

எது முன்னுக்கு வந்தது. நித்திரையில்லை, அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

சண்டைக் காலத்தில் எங்களிடம் வங்கியும் இல்லை, எண்ணெயும் இல்லை. துடுப்பு வலித்தார்கள், பாய் விரித்தார்கள். பெற்றோல் கண்ணில் காட்டாத காலம். மோட்டார் சைக்கிளைக்கூட ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி மண்ணெண்ணெயில் புகை கக்கக் கக்க ஓட்டினார்கள். கரையை விட்டு வெகுதூரம் ஒருவரும் போனதில்லை. போகவும் விடமாட்டார்கள்.

சண்டை முடிந்து முகாமால் திரும்பி வந்தபோது ரோட்டோரம் முதலில் எழும்பினது வீடு இல்லை. வங்கிப் பலகை. பிறகு லீசிங் பலகைகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. பிறகுதான் பெடியள் எல்லாரின் காலுக்கிடையிலும் மோட்டார் சைக்கிள். கடற்கரையில் எஞ்சின். வயலில் தண்ணீர் இறைக்கிற மெசின். அதற்குப் பிறகு சந்திக்குச் சந்தி பெற்றோல் அடிக்கிற எண்ணெய்ச் செட்.

கடன் தருகிறவன் எண்ணெய் தரமாட்டான். எண்ணெய் தருகிறவன் கடன் தரமாட்டான். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி. ஆனால் ஒருவன் வந்த ஊருக்கு மற்றவன் வராமல் விட்டதில்லை. இது எனக்கு நல்லாய்ப் படவில்லை.

நாங்களும் சும்மா இருந்தோமா? எஞ்சின் வந்த அன்று சுவாமியைக் கூப்பிட்டு மந்திரித்தோம். இவர் அதற்குப் பூமாலை போட்டார். கலியாணத்தன்று எனக்குப் போட்ட மாதிரி இருந்தது என்று சொல்லிச் சிரித்தேன்.

நல்லாய் உழைத்தும் தந்தது. மகளுக்கு ரியூசன், வீட்டுக் கூரைக்குச் சீற். பொய் சொல்லக் கூடாது.

மார்ச் 16

யூட்சன் கடலில். இன்னொருவனின் படகில் கூலிக்குப் போகிறான். மீன்குழம்பு கொடுக்கிற சாட்டில் அவன் வீட்டுக்குப் போனேன். கலியாணம் கட்டாதவன், கதவு பூட்டமாட்டான். குசினியில் தேடினேன், கட்டிலுக்குக் கீழே, வலைக் குவியலுக்குள், கோழிக்கூட்டுக்குள்ளும். ஒரு போத்தல் கண்ணாடியாய் மினுங்கிற்று. எடுத்து மணந்தேன். தேங்காயெண்ணெய்.

குழம்பை வைத்துவிட்டு வந்தேன். பின்னேரம் கோப்பையைக் கழுவிக்கொண்டு வந்து தந்தான். உள்ளே நாலு முட்டை. "வெறும் கோப்பை குடுக்கக் கூடாதெல்லோ" என்றான். பிறகு மெல்லமாய், "கூட்டுக்குள்ள கை விட்டது நீயோ? அடைக் கோழி எழும்பிட்டுது" என்றான்.

கோழிக்குத் தெரிகிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 20

பழனியாண்டி அண்ணை மீன் எடுக்க வந்தார். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மல்லாவிக்குக் கொண்டுபோய் விற்கிறவர். யூட்சனின் புதுச் சைக்கிளைப் பற்றிக் கதை வந்தது. "இப்ப அவரும் மீனோட மல்லாவிக்கு வாறார். என்ர வாடிக்கைக்காரருக்குத்தான் குடுக்கிறார்" என்றார்.

"தொழில் தானே அண்ணை."

"ஓம் பிள்ளை. அவருக்கு மல்லாவி புதுசில்லை. போன வருஷம் உன்ர மனிசன் கடலில துலைஞ்ச அண்டைக்கும் அங்கதான் கண்டனான். சந்தைக்குப் பின்னால, வயல்காரர் ஒராளோட. கையில கான்."

"அண்டைக்கு அவனுக்குக் காய்ச்சல்."

"அப்பிடியே? நல்ல காய்ச்சல்தான். கான் தூக்கிற காய்ச்சல்."

மீனை நிறுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு யோசித்தேன். இத்தனை மாதம் வாய் திறக்காத ஆள் இப்போது ஏன் திறந்தார்? யூட்சன் அவருடைய வாடிக்கைக்காரரைப் பிடித்ததாலா? இருக்கட்டும். எரிச்சலில் சொன்னாலும் கண்டது கண்டதுதானே.

மார்ச் 21

கேட்டுவிட்டேன்.

கடற்கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்று கேட்டேன். "போன வருஷம் வந்த காய்ச்சல் மல்லாவியிலயோ சுகமானது?"

வலையை விட்டான். முகம் கறுத்தது. அதுவே போதும் எனக்கு.

"வித்தனான் அக்கா. என்ர பங்கை. மண்ணெண்ணெய் மட்டும். சிறுபோகத்துக்குத் தண்ணி இறைக்க வழியில்லாமல் வயல்காரர் ஆலாய்ப் பறந்தவங்கள். கேட்ட விலை தந்தாங்கள். இந்தச் சைக்கிளுக்கு முன்காசு கட்டவேணும் எண்டு..."

"பெற்றோல்?"

"தொடேல்லை. போத்தலை நிரப்பி எஞ்சினுக்குக் கீழ வைச்சனான். அந்தோனியார் அறிய."

"அந்தோனியாரை இழுக்காத. அவருக்குத் துலைஞ்ச சாமான் தேடிக் குடுக்கிற வேலை கிடக்கு. உன்ர பொய்க்குச் சாட்சி சொல்ல நேரமில்லை."

"நான் வராட்டி அத்தான் போகமாட்டார் எண்டு நினைச்சனான்."

அவர் போகாமல் விடுவாரா? கொம்பனிக்காரன் வாறான், மகளுக்குச் சோதினை வருது, பங்கு எண்ணெய் கைக்கு வந்திருக்கு. எந்த மனிசன் போகாமல் இருப்பான்? இவனுக்கு அது தெரியாதா? காய்ச்சல் பொய். மல்லாவி மெய். மண்ணெண்ணெய் வித்தவன் பெற்றோலை மட்டும் விட்டு வைச்சவனாம். பெற்றோலுக்கு இன்னும் கூட விலை. எனக்குத் தெரியும். எனக்கு எல்லாம் தெரியும்.

என்னால் இன்றைக்கு ஏலாது.

மார்ச் 22

மகள் என்னோடு கதைக்கவில்லை. "மாமா அழுதவர்" என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 7

பெரிய வெள்ளி. திருப்பாடுகளின் வாசிப்பில் யூதாஸ் வந்த இடத்தில் நான் ஆம்பிளைகள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யூட்சன் தலை குனிந்து நின்றான். எல்லாரும்தான் குனிந்து நின்றார்கள். நான் ஒருத்திதான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றவள்.

பிறகு "தாகமாயிருக்கிறேன்" என்று சுவாமி வாசித்தார். மகள் என்னைப் பிடித்து வெளியே கொண்டுவந்து தண்ணீர் தந்தாள். குடிக்க முடியவில்லை. சுற்றிவரத் தண்ணீர், அவர் அதற்குள் கிடந்தார். கானுக்குள் எண்ணெய், அதற்குப் பக்கத்தில் கிடந்தார். இருந்தது ஒன்றும் உதவவில்லை.

ஏப்ரல் 25

லீசிங் கொம்பனியிலிருந்து வந்தார்கள். இப்போது வருகிறவர் வினோதன் என்று ஒருவர், முன்பு வந்த பெடியன் இல்லை. மரியாதையாய்த்தான் கதைத்தார். எஞ்சின் ஓடாமல் கிடந்தால் எங்களுக்கும் காசு வராது, உங்களுக்கும் வராது என்றார். அந்தோனியார் திருநாள் முடிய லொறி கொண்டு வருவார்களாம்.

ஜெயரூபினி வாய் திறந்தாள். "மாமாட்டக் குடுத்தா அவர் ஓடிக் கட்டுவார் அம்மா. அப்பா தொட்ட எஞ்சினை லொறியில ஏத்தப் போறீங்களோ?"

"அப்பாவைக் கொன்றவன்ர கையில குடுக்கச் சொல்லுறியோ?"

அவள் என்னைப் பார்த்த பார்வை. பேய் பிடித்தவளைப் பார்க்கிற மாதிரி. மகள் என்று பார்க்காமல் அவளும் ஏதும் மறைக்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்துக்காக இரவு முழுக்க அழுதேன்.

மே 11

பிரியந்தினி திரும்ப வந்தாள். இந்த முறை பஸ்ஸில் வந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன்.

"அந்த ஹெல்மெட் எங்க?"

"அஜந்தனோ? ஆராய்ச்சிக்கு நாள் சம்பளத்துக்கு எடுத்த பெடியன். மற்ற ஊருகளுக்கெல்லாம் வாறார். இந்தப் பக்கம் மட்டும் வரமாட்டன் எண்டிட்டார்."

"முந்தி எங்க வேலை?"

"ஏதோ லீசிங் கொம்பனியில எண்டு கேள்வி."

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கொம்பனி உளவு. எஞ்சின் எங்கே வைத்திருக்கிறேன் என்று பார்க்க வந்தவன். அவளுக்குத் தெரியாமலே அவளைச் சாட்டி வந்திருக்கிறான்.

எது முன்னுக்கு வந்தது என்று போன முறை கேட்டவள் அல்லவா, அதற்குப் பதில் சொன்னேன். "கடன்தான் பிள்ளை முன்னுக்கு வந்தது. எண்ணெய் பின்னால வந்தது. ஆனா போகேக்க எண்ணெய் முதல்ல போயிட்டுது. கடன் இன்னும் போகேல்லை."

எழுதினாள். பிறகு மற்ற இடங்களில் வேறு மாதிரியும் சொல்கிறார்கள், ஜெயபுரத்தில் ஒருவர் மெசினை முதல் வாங்கி, அது உழைத்த பிறகுதான் வங்கிப் பக்கம் போனாராம் என்றாள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் சொல்லலாமாம். பாவம், அவளுக்கும் விடை தெரியாது. தெரியாது என்று சொல்கிற படித்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஜூன் 2

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

காலை பத்து மணி இருக்கும். படலையில் அந்த ஹெல்மெட். தனியாய் வந்திருந்தான். நான் உலக்கையை எடுத்துக்கொண்டுதான் முற்றத்துக்குப் போனேன். "எஞ்சின் பார்க்க வந்தனியோ? அறைக்குள்ள கிடக்கு. போய் எழுதிக் குடு."

ஹெல்மெட்டைக் கழற்றினான். ஒரு வருஷத்துக்கு முன் கொம்பனியிலிருந்து வந்த அதே பெடியன். அவனைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். வாசலில் நின்று, "ஐயா இல்லையோ, ஐயா இல்லையோ" என்று கேட்கிறவன்.

பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து மண்ணில் வைத்தான். தக்கை மூடி. சிவப்புச் சிலுவை, ஒரு பக்கம் உரிந்து.

அவன்தான் கதைத்தான்.

"அண்டைக்கு மத்தியானம் வந்தனான் அம்மா, அவர் கடைசியாப் போனதுக்கு முதல் நாள். நீங்கள் சந்தைக்குப் போயிருந்தீங்கள். திரும்பிப் போகப் பெற்றோல் இல்லை. வவுனியா, நெளுக்குளம் வரைக்கும் போகவேணும். செட் எல்லாம் பூட்டு. கொம்பனி பெற்றோல் தராது, கடன் காசு அறவிட்டாத்தான் சம்பளம். சைக்கிளும் கடனில எடுத்தது. ஐயாட்டைச் சொன்னன். நான் கேக்கேல்லை அம்மா, சொன்னனான் மட்டும்."

"அவர் என்ன சொன்னவர்? ஒரு சொல்லும் விடாமல் சொல்லு."

"கரைக்குப் போய்ப் படகில இருந்து இந்தப் போத்தலைக் கொண்டு வந்தவர். குசினிக்குள்ள போய் ஒரு சின்னப் போத்தல் எடுத்து அதுக்குள்ள கொஞ்சம் ஊத்திக்கொண்டு, மிச்சத்தை எனக்குத் தந்தவர். உங்களுக்கு வேணாமோ ஐயா எண்டு கேட்டனான். 'எனக்கு ஒருக்கா எழுப்பக் காணும். எழும்பினா நான் நிப்பாட்டமாட்டன்' எண்டவர்."

"பிறகு?"

"'கெதியாப் போ தம்பி. மனிசி சந்தையால வரப்போகுது. உன்னைக் கண்டா அவளுக்குச் சோறு இறங்காது' எண்டவர்."

நான் மண்ணில் குந்திவிட்டேன்.

அவன் இன்னும் சொன்னான். கொம்பனி அடுத்த மாதமே தன்னை நிறுத்திவிட்டதாம். அவர் செத்தது தெரியாதாம். மார்ச்சில் நான் அந்தப் பெட்டைக்குச் சொன்னதை வேலிக்கு வெளியில் நின்று கேட்டபோதுதான் தெரிந்ததாம். அதுதான் சைக்கிள் விழுந்த சத்தம்.

"மூண்டு மாசமா ஏன் வரேல்லை?"

"பயம்."

"இப்ப?"

"போத்தல் வீட்டில கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கு அம்மா. ஐயா சிரிச்சுக்கொண்டு சொன்னவர், அடுத்த முறை வரேக்க போத்தலைக் கொண்டு வா, வெறும் போத்தலாக் கொண்டு வராத எண்டு."

அதற்குப் பிறகுதான் பார்த்தேன், கழுத்துவரை நிறைந்திருந்தது. தக்கையைக் கழற்றி மணந்தேன். தண்ணீர் கலந்திருக்கிறானோ என்று ஒரு சொட்டைக் கையில் விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். நல்ல பெற்றோல். அவன் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

அவனை என்ன செய்வது என்று தெரியவில்லை. அடிக்க உலக்கை கையில் இருந்தது. தேத்தண்ணி போட்டேன். குடித்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது "வாறன் அம்மா" என்றான். வா என்று நான் சொல்லவில்லை.

ஜூன் 3

எனக்குச் சோறு இறங்காது என்று.

ஜூன் 5

பெடியன் பொய் சொல்லியிருப்பானோ என்று ரெண்டு நாள் பார்த்தேன். யூட்சன்தான் அவனைப் பிடித்து இப்படிச் சொல்ல வைத்தானோ என்றும் நினைத்தேன். போத்தல் எப்படி வந்தது, கதை எப்படிப் பொருந்துகிறது, எல்லாப் பக்கத்தாலும் புரட்டினேன். சோறு இறங்காது என்ற சொல்லை ஒருவரும் கட்டிச் சொல்ல முடியாது. அது அவர் என்னைப் பற்றி மட்டும் சொல்கிற சொல்.

அவர் அப்படித்தான். பெடியனையும் அனுப்பவேண்டும், நானும் அவனைக் காணக்கூடாது, கடலுக்கும் போகவேண்டும். எல்லாவற்றையும் அந்த ஒரு போத்தலால் சரிக்கட்டப் பார்த்திருக்கிறார்.

பின்னேரம் யூட்சனிடம் போனேன். கோழிகளுக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தான். செபமாலையிலிருந்து திறப்பைக் கழற்றி அவன் முன்னால் நீட்டினேன். தவிட்டுக் கையோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

"போத்தல் கிடைச்சிட்டுது" என்றேன்.

"எங்க?"

சொன்னேன். முழுக்கக் கேட்டான். கையைக் கழுவிவிட்டு வந்து திறப்பை வாங்கினான். பிறகுதான் சொன்னான். "நான் போயிருந்தா அண்டைக்கு இரண்டு பேர் இருந்திருப்பம் அக்கா. ஒராள் விசிறி சுத்தாமல் எஞ்சினை ஓடவிட்டபடி பிடிக்க, ஒராள் கயிறு வெட்டியிருக்கலாம்."

"ஓம்" என்றேன். அது மெய்தானே. இல்லை என்று சொல்லி அவனைத் தேற்ற எனக்கு வரவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

"கோழி அடை இருக்குதோ?" என்று கேட்டேன்.

"நீ கை விடாமல் இருந்தா இருக்கும்."

ஜூன் 10

எஞ்சினை வெளியே எடுத்தோம். ஓடிக் கட்டுகிறோம் என்று கொம்பனிக்குச் சொல்லியாயிற்று. யூட்சன் கழற்றிப் பூட்டி மூன்று நாளாய் அதோடுதான் கிடக்கிறான். பழனியாண்டி அண்ணை பார்த்துவிட்டுப் போனார். "இனி மீன் எனக்கோ, அவருக்கோ?" என்றார். ரெண்டு பேருக்கும் நிறுத்துத் தருவேன் என்றேன்.

ஜூன் 14

நேற்றுத் திருநாள். அவருக்காகவும் பூசை கொடுத்தோம்.

இன்று விடியப் படகு இறக்கினார்கள். யூட்சனோடு கூட இன்னொரு ஆள். தனியப் போவதில்லை என்று என்னிடம் சத்தியம் பண்ணித்தான் எஞ்சினைப் படகில் பூட்டினவன். மண்ணெண்ணெய்க் கானை அவர்கள் ஏற்றினார்கள். போத்தலை நான் கொண்டுபோனேன். தக்கையைக் கழற்றி மணந்து பார்த்து, மூடி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நானே எஞ்சினுக்குக் கீழே வைத்தேன். உரிந்த சிலுவையை மகள் நேற்றுத் திரும்பக் கீறியிருந்தாள். நகப்பூச்சு இன்னும் மணந்தது.

"இன்னும் நம்பேல்லையோ அக்கா?" என்று யூட்சன் கேட்டான்.

"அலை தாண்டினதும் நிப்பாட்டு. நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப எழுப்பு. எனக்குக் கேக்கவேணும்."

"பெற்றோல் வீண்."

"வீணாப் போகட்டும்."

போனார்கள். அலை தாண்டினதும் சத்தம் நின்றது. சோழகம் என் முதுகில் அடித்துக் கடலுக்குப் போனது. படகு மெல்ல அந்தப் பக்கமாய்த் தள்ளுப்பட்டது. மகள் என் கையைப் பிடித்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு கேட்டது.